இரண்டு சுடலைமுத்து

திரையில் இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் ஆள். இடப்பக்கத்தில் ஒரு பெயரைத் தொட்டால் வலப்பக்கத்தில் அந்த ஆள் வந்துவிட வேண்டும். வயது, ஊர், ரத்த வகை, எந்தக் கையில் ஊசி போடுவது, எவ்வளவு எடையில் நிறுத்துவது, எல்லாம். பேச்சியம்மாள் சுடலைமுத்து என்ற பெயரைத் தொட்டாள். அப்பா வந்தார். அதற்குக் கீழேயே இன்னொரு சுடலைமுத்து இருந்தார். அவரைத் தொட்டாள். அப்பாதான் வந்தார். மறுபடி மேலே. அப்பா. மறுபடி கீழே. அப்பா. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்ததிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். சாப்பாடு என்றால் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடியதுதான். எலுமிச்சைச் சோறு, அம்மா கட்டிக் கொடுத்தது, கடலைப்பருப்பு கொஞ்சம் கருகியிருந்தது, அப்பா இருந்தவரை அந்த வீட்டில் எலுமிச்சை கிடையாது, பொட்டாசியம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், இப்போது அம்மா நாள் தவறாமல் எலுமிச்சை பிழிகிறாள், ஏன் என்று இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டயாலிசிஸுக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற பிளாண்ட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால்தான் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே தெரியும். பிளீச்சிங் வாசமும் அப்படித்தான், முதல் வருடம் மூக்கைக் கரித்தது, இப்போது வீட்டுக்குப் போய்ச் சேலையை உதறும்போது மட்டும் லேசாக. எல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது. மேலே தொட்டாள். சுடலைமுத்து, வயது அறுபத்தொன்று, ஊர் சமாதானபுரம், தொழில் மின்வாரிய லைன்மேன், ஓய்வு. இந்தப் புரோகிராமை எழுதும்போது படத்துக்கென்று ஒரு கட்டம் விட்டிருந்தாள், காமிரா வாங்கித் தருகிறோம் என்றார்கள், வாங்கவில்லை, கட்டம் சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்தது.

முந்தாநாள் நடந்தது இதுதான். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு உடம்பில் தண்ணீர் தேங்கும், தேங்கியதை மிசின் இழுக்கும், இழுத்து எந்த எடையில் நிறுத்த வேண்டுமோ அதற்கு டிரை வெயிட் என்று பெயர், இங்கே தரை கூட்டுகிற அக்காவுக்குக்கூட அந்த வார்த்தை தெரியும். அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு கிலோ. போன வாரம் பெயர் பதிந்து, முந்தாநாள்தான் முதல் தடவையாக வந்த மானூர் சுடலைமுத்துவுக்கு ஐம்பத்தாறு. புதிதாக வந்த நர்ஸ் ஹெப்சிபா மானூர்க்காரரைப் படுக்கவைத்துவிட்டு இடப்பக்கத்தில் அவர் பெயரைத் தொட்டிருக்கிறாள், வலப்பக்கத்தில் அப்பா வந்திருக்கிறார், ஐம்பத்து நான்கு என்று பார்த்து மிசினில் போட்டுவிட்டாள். ரெண்டு கிலோ. ரெண்டு கிலோ தக்காளி என்றால் ஒரு பைக்குள் அடங்கும். மனிதனிடமிருந்து கூடுதலாக எடுத்தால் கெண்டைக்கால் சுருட்டிக்கொள்கிறது, பிரஷர் இறங்குகிறது, கண் மேலே போகிறது. இவள் அன்று கதவோரம் நின்று பார்த்தாள். நெட்டையான ஆள், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தார், வாந்தியெடுத்தார், டாக்டர் மீரான் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றி மிசினை நிறுத்தினார், கொஞ்ச நேரத்தில் தெளிந்து உட்கார்ந்துவிட்டார். ஹெப்சி இந்த அறைக்குள் வந்து அழுதாள். "ரெண்டு சுடலைமுத்து இருந்துச்சுக்கா. ஒண்ணத் தொட்டேன், அடுத்ததயும் தொட்டேன். ரெண்டுக்கும் ஒரே ஆளுதான் வந்துச்சு. ஒரே ஆளத்தான் ரெண்டு தடவ பதிஞ்சு வச்சிருக்காவன்னு நெனச்சுட்டேன்." அதில் தப்பு என்ன இருக்கிறது, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஹெப்சி அழுதாள், மூக்கைச் சிந்தினாள், சுடிதார் ஷாலில் துடைத்தாள், பேச்சியம்மாள் அந்த ஷாலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழுகை எவ்வளவு சுலபமாக வருகிறது இந்தப் பிள்ளைக்கு, குழாயைத் திருகியது மாதிரி. அப்பாவின் சாவு வீட்டில் பெரியத்தை எல்லோர் முன்னாலும் சொன்னாள், பேருதான் பேச்சி, வாயத் தொறந்து ஒரு ஒப்பாரி உண்டா, கல்லு மாதிரில்லா உக்காந்திருக்கா. கல் இல்லை. கல்லுக்குக் கனம் இருக்கும். இது வேறு மாதிரி, பல் டாக்டர் ஊசி போட்டபின் உதடு இருக்குமே, தொட்டால் யாருடைய உதட்டையோ தொடுவது போல.

தப்பு எங்கே என்று அவளுக்கு முந்தாநாளே தெரியும். தேட வேண்டியதில்லை. இடப்பக்கப் பட்டியலையும் வலப்பக்கத்தையும் கட்டியிருக்கிற கயிறு பெயர். பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் முதலில் அகப்படுகிற ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும், அதற்கு மேல் தேடாது. எண்ணால் கட்டியிருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு எண், எந்த இருவருக்கும் ஒன்றாக இராது, கல்லூரியில் முதல் பருவத்திலேயே சொல்லித் தருகிற பாடம். அப்படித்தான் கட்டியும் இருந்தாள். ஒருநாள் டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, எதுக்கும்மா இந்த நம்பர், சிறை மாதிரி இருக்கு, பேரு மட்டும் போதும்லா என்றார். அன்றைக்கு அப்பாவுக்குக் குளிர்க்காய்ச்சல், ஊசி போட்ட கையில் கிருமி, வீட்டிலிருந்து அம்மா போன் மேல் போன். பட்டியலிலிருந்து எண்ணை எடுத்தாள், எடுத்ததும் கயிறு அறுந்தது, சரி இப்போதைக்கு என்று பெயரில் முடிச்சுப் போட்டுவிட்டு ஓடினாள். அப்போது இங்கே ஒரு பெயரில் ஒருவர்தான் இருந்தார். இப்போதைக்கு. அப்பா மின்கம்பத்தில் ஒட்டுப்போட்ட வயரைப் பார்த்தால் இந்த வார்த்தையைச் சொல்லித்தான் திட்டுவார். "இப்போதைக்குன்னு ஒருத்தன் கட்டுவான், அடுத்து ஏறுதவன் சாவான்." அந்தக் குரல் இப்போது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வார்த்தைகள் இருக்கின்றன, குரல் இல்லை, யாரோ வாசித்துக் காட்டுவது போல. குரல் முதலில் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லையே. கைதான் போகவில்லை. இடது முழங்கைக்கு உள்பக்கம், ரத்தக்குழாயை வெட்டி ஒட்டிய இடம், விரலை வைத்தால் உள்ளே விறுவிறு என்று ஓடும், பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி. தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், ஓடுகிறதா என்று. இவள்தான் தொடுவாள். பல் தேய்த்துவிட்டு வந்து ஒரு கையில் காபியோடு மறுகையால் தொட்டு, ஓடுதுப்பா என்பாள், ஓடட்டும் ஓடட்டும் என்பார். அன்றைக்கும் தொட்டாள். ஓடவில்லை. குழாய் அடைத்துக்கொண்டது போல, டாக்டருக்கு போன் பண்ண வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகத்தைப் பார்த்தாள், காபி ஆறிப்போயிருந்தது, ஆறிய காபியைக் குடித்துமுடித்துவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிட்டாள். ஏன் குடித்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, காபி குடித்தேன் என்றா. கீழே தொட்டாள். அப்பா. மேலே தொட்டாள்.

"பேச்சி, ஆச்சாம்மா?" டாக்டர் மீரான் உள்ளே தலையை நீட்டினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அவர் எப்போதும் கதவைப் பாதிதான் திறப்பார், மீதிப் பாதி வார்டில் இருப்பது போல. "மானூர்க்காரரு நாலு மணி ஷிப்டுக்கு வந்துருவாரு. அதுக்குள்ள முடியுமா, இல்ல பழையபடி பேப்பர்ல எழுதச் சொல்லட்டுமா?" முடிந்துவிடும் சார் என்றாள். அவர் போகவில்லை. திரையைப் பார்த்தார். வலப்பக்கத்தில் அப்பா இருந்தார். டாக்டர் கண்ணாடியை இறக்கி, மறுபடி ஏற்றி, அவளைப் பார்க்காமல் சொன்னார். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. அப்பா பேரை இதுலேருந்து எடுத்துட்டா சரியாயிரும்லா? ஒருத்தருதான இருப்பாரு." பேச்சியம்மாள் சொன்னாள், "இன்னைக்குச் சரியாயிரும் சார். நாளைக்கு இன்னொரு சுடலைமுத்து வருவாரு. இல்லன்னா ரெண்டு முருகம்மா வருவாவ. முடிச்சு தப்பா இருக்கு சார், ஆளை எடுத்தாத் தப்பு போகாது." டாக்டர் தலையாட்டினார், "அதும் சரிதான்," என்று கதவைச் சாத்தினார். சரியான பதில்தான். வேலை தெரிந்தவள் சொல்கிற பதில். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தாள், அந்தச் சரியான பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேறொருத்தி, எடுக்காதீங்க சார் என்று சொல்லிவிட்டாளோ. இறந்தவர்களை முடித்துவைக்கிற வேலை இவளுடையது. யாராவது இறந்தால் ஹெப்சிக்கு முன்பிருந்த சிஸ்டர் வந்து பெயர் சொல்வாள், இவள் அந்த ஆளைத் திறந்து, நின்ற காரணம் என்கிற கட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள், பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், இன்னொருவருக்கு இடம் கிடைக்கும். அன்றன்றைக்கே செய்துவிடுவாள். அப்பாவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்தானே என்று விட்டுவிட்டார்கள். மானூர்க்காரருக்கு அப்பாவின் இடத்தைக் கொடுத்தார்கள், நியாயம்தான், மிசின் சும்மா கிடக்கக் கூடாது. அப்பா பட்டியலில் கிடந்தார். முடிச்சு தப்பு, அது ஒன்று. முடிக்காமல் விட்டது, அது இன்னொன்று. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அந்த மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்திருக்க மாட்டார். இந்த எண்ணம் வந்ததும் நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. பிளாண்ட் ஓடியது.

சரி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திரையைப் பிரித்தாள். பிரித்தால் பெயர்கள் போய்விடும், கட்டங்களும் கோடுகளும் மட்டும் நிற்கும், ஓடு எடுத்த வீட்டைப் பார்ப்பது போல இருக்கும். பட்டியலில் எண்ணைத் திரும்பச் சேர்த்தாள், அதன் அகலத்தைப் பூஜ்யம் ஆக்கினாள். கண்ணுக்குத் தெரியாது, டாக்டருக்குச் சிறை ஞாபகம் வராது, ஆனால் கயிறு அதில்தான். முடிச்சை அவிழ்த்துப் பெயரிலிருந்து எண்ணுக்கு மாற்றினாள். பெயருக்கு முன்னால் இனிஷியலும் பின்னால் ஊரும் பட்டியலிலேயே தெரியும்படி சேர்த்தாள். இன்னொரு கோளாறும் இருந்தது, வலப்பக்கம் ஒன்றைத் திருத்திச் சேமித்தால் இடப்பக்கம் தலைக்கு ஓடிப்போய் முதல் பெயரில் நிற்கும், ஒருவரைத் திருத்திவிட்டு நிமிர்ந்தால் எதிரில் வேறொருவர். அதையும், நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பி அங்கேயே வரும்படி செய்தாள். இவ்வளவும் ஒரு காபி குடிக்கிற நேரத்துக்குள். காபி. விரல்கள் தாமாகவே செய்தன, அவளைக் கேட்கவில்லை, அவளும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சுத்தமான நகங்கள், ஒன்றில் மஞ்சள் கறை. பிறகு ஒவ்வொருவராகத் தொட்டாள். அருணாசலம், தொட்டதும் அருணாசலம் வந்தார். ஆயிஷா பீவி, வந்தார். பெயரைக் கூப்பிட்டு ஆள் எழுந்து நிற்பது போல ஒவ்வொருவரும் வந்தார்கள், ஊசிக் கையோடு, எடையோடு. பெ. சுடலைமுத்து, மானூர். தொட்டாள். ஐம்பத்தாறு கிலோ, வயது ஐம்பத்தெட்டு, தொழில் கல்யாணச் சமையல், வலது கை. முதல் தடவையாக அந்த மனிதர் வந்தார். அப்பா வரவில்லை. மறுபடி தொட்டாள், வேண்டுமென்றேதான், அல்லது பழக்கத்தில்தான். வரவில்லை. அதற்கு மேலே இருந்த ஆ. சுடலைமுத்து, சமாதானபுரம் என்பதைத் தொட்டால் மட்டும்தான் இனி வருவார். தொட்டாள். வந்தார். நின்ற காரணம். அந்தக் கட்டத்தைத் திறந்தால் மூன்று பதில்கள் விழும்: வேறு மையம், மாற்றுச் சிறுநீரகம், இறப்பு. மூன்றையும் தட்டச்சு செய்தது அவள்தான். நடுவிலிருப்பதை எழுதும்போது அப்பா இங்கே சேர்ந்திருக்கவில்லை. பிறகு சேர்ந்தார், பிறகு வீட்டில் அந்த நடுவிலிருந்ததைப் பற்றிப் பேசினார்கள், அம்மாவுடையது பொருந்தவில்லை, நான் தாரேன்ப்பா என்று இவள் சொன்னபோது, கல்யாணம் ஆகாத பிள்ளையக் கிழிச்சுத்தான் நான் ஒண்ணுக்குப் போகணுமா என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு என்ன குழம்பு. நினைவில்லை. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். சேமித்தாள். பட்டியல் ஒரு துளி நடுங்கி, ஒரு வரி குறைந்து, கீழே இருந்தவர்கள் ஒரு படி மேலே ஏறினார்கள். அவ்வளவுதான். உடம்பில் எங்கும் ஒன்றும் இல்லை. மின்விசிறி காற்று புறங்கழுத்தில் பட்டது, அது மட்டும்.

கதவு முழுதாகத் திறந்தது. ஹெப்சி. முகம் வெளுத்திருந்தது. "அக்கா, மானூர் ஐயா வந்துருக்காவ. படுக்க மாட்டேங்காவ. வீட்டுக்குப் போறேன்னு சொல்லுதாவ." மூச்சு வாங்கினாள். "இன்னைக்கு எடுக்கலைன்னா தண்ணி நெஞ்சுல ஏறிரும்னு டாக்டர் சொல்லியாச்சு. அவுக வீட்டம்மா அழுதாவ. கம்ப்யூட்டர்ல எழுதுன பிள்ள யாரு, அவள வரச் சொல்லுங்காவ." பேச்சியம்மாள் எழுந்தாள். கால் மரத்திருந்தது. வார்டுக்கு நடக்கிற வழியில் பயம் என்று ஒன்று வர வேண்டுமே என்று எதிர்பார்த்தாள், கத்துவார், கையை ஓங்குவார், என்னைக் கொல்லப் பாத்தியேட்டி என்பார், அப்படியெல்லாம் நினைத்துப் பார்த்தாள், எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலவே இருந்தது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், கால் தரையில், செருப்பைக் கழற்றவில்லை. கால் வீங்கிச் செருப்பு வாருக்கு இரண்டு பக்கமும் பிதுங்கியது. பக்கத்தில் அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் மிசினுக்கு அந்தப் பக்கம் நின்றார், பேசிப் பார்த்து ஓய்ந்த முகம். "நீதானா?" என்றார் சுடலைமுத்து. கத்தவில்லை. மூச்சு இழுத்து இழுத்துப் பேசினார். "ஆமா, நான்தான்." "எம்மா, நான் ஆயிரம் பேருக்குச் சோறாக்குதவன். ஒரு வீட்டுச் சாம்பார இன்னொரு வீட்டுக்கு ஏத்தி அனுப்புனது கெடையாது. என்னைய யாருன்னு நெனச்சு அன்னைக்கு அந்தப் பாடு படுத்துனிய?" டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். "எங்கப்பான்னு நெனச்சு." அவர் விளங்காமல் பார்த்தார். "எங்கப்பா பேரும் சுடலைமுத்து. இங்கதான் வந்துட்டிருந்தாவ. போன மாசம் தவறிட்டாவ. நான் அவுக பேர எடுக்கல. பேர வச்சுத் தேடுத மாதிரி எழுதியிருந்தேன், அது தப்பு. அதான் உங்களத் தொட்டா அவுக வந்தாவ."

மனைவி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அடுத்த கட்டிலில் ஆயிஷா பீவி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கூரையைப் பார்த்தார். "என்ன வயசு?" என்றார் சுடலைமுத்து. "அறுபத்தொண்ணு." "ம்." செருப்பைப் பார்த்தார். "இப்ப என்னையத் தொட்டா யாரு வருவா?" "நீங்கதான் வருவிய. பெ. சுடலைமுத்து, மானூர், கல்யாணச் சமையல், ஐம்பத்தாறு கிலோ, வலது கை." "வலது கைதான்," என்று அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார், பரிசோதனைக்குக் காட்டுகிற மாதிரி. "கரண்டி புடிக்கித கை. அதப் போய் வெட்டி வச்சிருக்கானுவ." பிறகு குனிய முடியாமல் காலாலேயே செருப்பை உதறினார். மனைவி அவசரமாகக் குனிந்து அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ஹெப்சி எடை பார்த்தாள், சத்தமாகச் சொன்னாள், திரையைப் பார்த்தாள், இனிஷியலை விரலால் தொட்டு வாசித்தாள், ஐம்பத்தாறு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி மிசினில் போட்டாள். ஊசி ஏறும்போது அவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ போயிராத," என்றார். "இது ஓடி முடியுத மட்டும் இங்கன இரு. கோளாறுன்னா ஒன் கண்ணு முன்னாலதான் வரணும்." மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். குழாய்களில் ரத்தம் சிவப்பாகப் போய்ச் சிவப்பாக வந்தது. அதை அப்பாவின் கட்டிலருகே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள், ஆனால் அப்போதெல்லாம் மடியில் ஏதாவது வேலை இருக்கும், போனோ பில்லோ, இன்று மடியில் ஒன்றுமில்லை, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முட்டியின் மேல் வைத்துக்கொண்டாள். டாக்டர் போய்விட்டார். மனைவி டீ வாங்கப் போனாள். பிரஷர் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருதடவை பார்த்தால் போதும் என்றிருந்தும் ஹெப்சி அடிக்கடி வந்து அவருடைய இடது கைப்பட்டையில் காற்றேற்றிவிட்டுப் போனாள். அவருக்குக் கால் சுருட்டவில்லை. கண் மேலே போகவில்லை. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. பிறகு அவர் முகத்தைச் சுளித்தார். மறுபடி சுளித்தார். பேச்சியம்மாள் சட்டென்று எழுந்தாள். "என்ன செய்யுது? வலிக்கா? சிஸ்டரக் கூப்பிடட்டா?" "இல்லம்மா." வலது கை மிசினோடு, இடது கை அசைக்கக் கூடாது என்று ஹெப்சி சொல்லிவிட்டுப் போன பட்டையோடு. அவர் வெட்கப்பட்டது போலிருந்தது. "மூக்கு அரிக்கி. கொஞ்சம் சொறிஞ்சு விடுதியா?" அவள் விரலை நீட்டினாள். வியர்த்திருந்தது அந்த மூக்கு, அகலமாக, அடுப்பு அனலில் கருத்து, நுனியில் சின்னச் சின்னக் குழிகளோடு, தெரியாத ஒருவருடைய மூக்கு. நகம் படாமல் மெதுவாகத் தேய்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அங்க இல்ல. இன்னுங் கொஞ்சம் மேல."

"இங்கயா?"

"ஆங். அங்கதான்."